தோற்றுப்போன கருவியைப் படிப்பது எப்படி? ஆப்பிளின் பழைய சரக்கறையில் ஒரு பயிற்சி

தொழில்நுட்ப நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள்: தோல்வியிலிருந்து கற்றுக்கொள். எப்படி என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அதனால் பெரும்பாலானவர்கள் நான்கு கதைகளைப் படித்துவிட்டு, "அந்தக் கருவி காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டது" என்ற ஒரே முடிவோடு எழுந்துவிடுகிறார்கள். அந்த முடிவை வைத்துக்கொண்டு ஒரு திருகைக்கூடத் திருக முடியாது.

கீழே இருப்பது, தோற்ற ஒரு கருவியை ஆவணங்களைக் கொண்டு பிரித்துப் படிக்கும் முறை. பொருள் வடிவமைப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், சொந்தமாக ஏதாவது செய்து விற்கப் பார்ப்பவர்கள், பொறியியல் மாணவர்கள் ஆகியோருக்கானது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஆப்பிள் நிறுவனத்தின் கருவிகள். ஆப்பிள் பலவிதமாகத் தோற்றிருக்கிறது, ஆவணங்களும் ஏராளம். தோற்றவற்றில் சில பிற்பாடு கைகொடுத்தன, சில ஒன்றுக்கும் உதவவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒரு கருவிக்குப் பத்து மணி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டால் நீங்கள் ஒரு கதையை நம்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படி 1: மூன்று தாள்களைத் தேடி எடுங்கள்

வெளியீட்டு நாளில் நிறுவனம் கொடுத்த அறிக்கை, முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் பத்திரிகையில் வந்த மதிப்புரை, விற்பனையை நிறுத்தியபோது வந்த செய்தி. இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். நான்காவதாகப் பழுதுபார்ப்புக் கையேடு கிடைத்தால் அதிர்ஷ்டம். 1980களின் கணினிப் பத்திரிகைகள் பலவும் இன்டர்நெட் ஆர்கைவில் படங்களாகக் கிடைக்கின்றன. லிசா கணினியின் மூல நிரலைக் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2023 ஜனவரியில், லிசாவின் நாற்பதாவது ஆண்டில் வெளியிட்டது. நிரல் தெரிந்தவர்கள் அதையே திறந்து பார்க்கலாம்.

இருபது ஆண்டு கழித்து எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளைக் கடைசியில் படியுங்கள். முடிவு தெரிந்தபின் எழுதுகிறவர்கள் எல்லோருமே முன்பே எச்சரித்தவர்களாகிவிடுவார்கள்.

மூன்று தாள்களிலிருந்தும் ஐந்து விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: வெளிவந்த தேதி, விலை, நிறுத்திய தேதி, விற்ற எண்ணிக்கை (ஆளுக்கொரு கணக்கு சொன்னால் எல்லாவற்றையும் எழுதுங்கள்), வாங்குபவருக்குக் கொடுத்த வாக்குறுதி ஒரே வாக்கியத்தில். கடைசி விவரம்தான் கடினம். நியூட்டன் மெசேஜ்பேடை எடுத்துக்கொள்வோம். 1993 ஆகஸ்டில் 699 டாலருக்கு வந்த கையடக்கக் கருவி. அதன் வாக்குறுதி, "நீங்கள் எழுதுவதுபோலவே எழுதுங்கள், அது புரிந்துகொள்ளும்" என்பது. நாட்காட்டியும் முகவரிப் புத்தகமும் கூட இருந்தன, அவை ஒழுங்காகவே வேலை செய்தன. ஆனால் விளம்பரம் கையெழுத்தின் மேல் நின்றது. அதனால் கையெழுத்து சறுக்கியதும் மொத்தமும் சறுக்கியது. சில வாரங்களிலேயே செய்தித்தாள் கேலிச்சித்திரக்காரர் கையில் அது மாட்டிக்கொண்டது. வாக்குறுதியைத் தனியாக எழுதி வைக்காவிட்டால் இந்தத் தொடர்பு உங்கள் கண்ணில் படாது.

படி 2: விலையை அதே மாதத்துக் கடை அலமாரியில் வையுங்கள்

விலைவாசி உயர்வைக் கணக்கிட்டு இன்றைய பணத்துக்கு மாற்றிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அதனால் பெரிய பயனில்லை. அன்றைக்கு அதே பணத்தோடு கடைக்குப் போனவர் வேறு எதை வாங்கியிருப்பார் என்பதுதான் கேள்வி.

லிசா 1983 ஜனவரியில் 9,995 டாலர். ஐபிஎம் தன் முதல் பிசியை 1981 ஆகஸ்டில் 1,565 டாலரில் தொடங்கியிருந்தது. அந்த விலைக்கு வெறும் பெட்டிதான், திரையும் டிரைவும் தனி. எல்லாவற்றையும் சேர்த்தாலும் லிசாவின் அருகில் வராது. லிசாவில் சுட்டியும் சன்னல்களும் இருந்தன, எழுத, கணக்குப் போட, படம் வரைய என்று பல மென்பொருள்கள் கூடவே வந்தன. ஆனால் வெளியார் எழுதிய மென்பொருள் என்று எதுவும் இல்லை. ஓர் அலுவலகம் பத்தாயிரம் டாலர் கொடுக்கும்போது, தனக்கு வேண்டிய இன்னொரு மென்பொருள் எப்போது வரும் என்று கேட்காமல் இருக்காது.

இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு ரோக்கர். ஆப்பிளின் ஐடியூன்ஸ் பாட்டைக் கேட்கக்கூடிய மோட்டோரோலா கைபேசி. 2005 செப்டம்பர் 7 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அறிமுகப்படுத்தினார். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு 249.99 டாலர். நூறு பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாதபடி மென்பொருளிலேயே வரம்பு. கணினியிலிருந்து பாட்டு ஏறும் வேகமோ ஆமை வேகம். அதே மேடையில், அதே நாளில், ஆப்பிளின் சொந்தப் பாட்டுக் கருவியான ஐபாட் நானோவும் வந்தது: 249 டாலருக்கு ஆயிரம் பாட்டு. இதற்கு மேல் ஆய்வு எதற்கு? வீட்டுக்காரரே ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தரையில் விட்டுவிட்டார்.

2000 ஜூலையில் வந்த பவர் மேக் ஜி4 கியூபும் இந்தப் படியிலேயே விடை சொல்லிவிடும். எட்டு அங்குலக் கனசதுரம், பார்க்க அவ்வளவு அழகு. திரை இல்லாமல் 1,799 டாலர். அதைவிட 200 டாலர் குறைவாக, விரிவாக்க இடங்களோடு, சாதாரண ஜி4 கோபுரப் பெட்டி அதே ஆப்பிளிடமே கிடைத்தது. வேகம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். சுமார் ஒன்றரை லட்சம் விற்று, ஒரே ஆண்டில் நின்றுபோனது. தோற்ற கருவியின் போட்டியாளரைத் தேடும்போது முதலில் அதே நிறுவனத்தின் விலைப்பட்டியலைப் பாருங்கள். புதியவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் தேடுவார்கள்.

படி 3: குறை சரியான பிறகு விற்றதா?

முழு முறையிலும் இதுதான் முக்கியமான படி. பத்து மணி நேரத்தில் நான்கை இதற்குக் கொடுக்கலாம்.

கருவி தோற்றதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று இருக்கும். அது காரணமா, அறிகுறியா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பல கருவிகள் சாவதற்கு முன் ஒருமுறை திருத்தப்படும். திருத்திய பதிப்பின் விற்பனையைப் பாருங்கள். ஏறியிருந்தால் சொல்லப்பட்ட காரணம் சரி. குறை போன பிறகும் விற்கவில்லை என்றால் நோய் வேறு எங்கோ இருக்கிறது.

ஆப்பிள் த்ரீயில் இதைச் செய்து பார்ப்போம். 1980 மேயில் அறிவித்தார்கள். அமைப்பைப் பொறுத்து விலை 4,340 முதல் 7,800 டாலர் வரை. அலுவலகங்களுக்கான கணினி. சத்தம் வரக்கூடாது என்பதற்காக உள்ளே ஃபேன் வேண்டாம், காற்றுத் துளையும் வேண்டாம் என்று ஜாப்ஸ் நின்றுவிட்டார். கனமான அலுமினிய அடிப்பாகமே வெப்பத்தை உறிஞ்சி வெளியே விடவேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் வந்த இயந்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பழுதாயின. சிப்புகள் சாக்கெட்டை விட்டு மேலே எழும்பின. முன்பக்கத்தை இரண்டு மூன்று அங்குலம் தூக்கித் தொப்பென்று போடுங்கள், சிப் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளருக்கே ஆலோசனை போனது. உள்ளே இருந்த நேரங்காட்டும் சிப்பும் நம்பகமாக ஓடாததால் அதை எடுத்துவிட்டு விலையில் 50 டாலர் குறைத்தார்கள்.

எல்லோரும் சொல்லும் காரணம்: ஃபேன் இல்லை, சூடானது, செத்தது. ஆனால் பெட்டியை வடிவமைத்த ஜெரி மேனாக் இதை ஏற்கவில்லை. பெட்டி வெப்பத்தை நன்றாகவே வெளியேற்றியது, கோளாறு உள்ளே சிப்புகள் உட்காரும் மின்சுற்றுப் பலகையில், அதாவது போர்டில்தான் என்பது அவர் தரப்பு. சிறிய பெட்டிக்குள் அடக்குவதற்காக போர்டில் கம்பித் தடங்களை மெல்லியதாக, மிக நெருக்கமாகப் போட்டிருந்தார்கள். அந்த நுட்பம் அப்போது பழுத்திருக்கவில்லை. சிப்புகளைப் பொருத்தி, அவற்றை ஒட்டவைக்கும் உருகிய உலோகமான சால்டரின் அலை மேல் போர்டை ஓட்டியபோது, தொடக்கூடாத தடங்களுக்கு இடையே சால்டர் பாலம் கட்டி ஷார்ட் ஆனது.

இப்படி இரண்டு விளக்கம் எதிரெதிராக வந்தால் அவசரப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். இரண்டையும் எழுதி, எது உண்மையானால் என்ன தெரிந்திருக்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். வெப்பம் காரணமென்றால் இயந்திரம் சில மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு தடுமாறும், ஆறினால் திரும்ப வரும். சால்டர் பாலம் காரணமென்றால் பெட்டியைத் திறந்த முதல் நாளே ஓடாது, ஆறினாலும் ஓடாது. இரண்டு வகைப் புகாரும் இருந்தால் இரண்டு கோளாறும் இருந்தன என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இனிச் சோதனை. முதலில் விற்ற சுமார் 14,000 இயந்திரங்களையும் ஆப்பிள் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. போர்டைத் திருத்தி, நினைவகத்தைக் கூட்டி, 1981 நவம்பரில் மறுபடி அறிமுகப்படுத்தியது. திருத்திய இயந்திரம் ஒழுங்காக ஓடியது. விற்றதா? எழவில்லை. 1984இல் கைவிட்டார்கள்.

அப்படியென்றால் வெப்பமும் சால்டரும் பாதிக் கதைதான். மீதியைத் தேடினால் இரண்டு விஷயங்கள் தட்டுப்படும். ஒன்று, இடையில் 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்துவிட்டது. அலுவலகங்களுக்கு அந்தப் பெயரே போதுமாக இருந்தது. இரண்டு, ஆப்பிள் டூவுக்கு எழுதிய மென்பொருள் த்ரீயில் ஓடும் என்றார்கள், ஆனால் 48 கேபி நினைவகத்துக்குள் மட்டும் ஓடும்படி வேண்டுமென்றே கட்டிப்போட்டிருந்தார்கள். த்ரீயின் கூடுதல் நினைவகத்தைப் பழைய மென்பொருள் தொடக்கூட முடியாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை: பழைய மென்பொருளும் வேண்டும், பழைய இயந்திரத்திலிருந்து தள்ளியும் நிற்கவேண்டும். அந்த முடிவை எந்தத் தொழிற்சாலையில் திருத்துவது?

நியூட்டனுக்கும் இதே சோதனையைப் போடுங்கள். முதல் பதிப்பின் கையெழுத்து அறிதல் சொற்பட்டியலை நம்பியிருந்தது. பட்டியலில் இல்லாத சொல்லை எழுதினால் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த வேறொரு சொல்லைக் கொண்டுவந்து வைத்துவிடும். நகைச்சுவைகள் அங்கிருந்துதான் பிறந்தன. 1996இல் வந்த இரண்டாம் இயக்க மென்பொருளில் எழுத்துகளைச் சேர்க்காமல் தனித்தனியாக எழுதினால் படிக்கும் புதிய பகுதியைச் சேர்த்தார்கள். அது நன்றாகவே படித்தது. குறை போயிற்று. ஆனால் அதே 1996இன் மார்ச்சில் பைலட் என்ற போட்டிக் கையடக்கக் கருவி வந்தது, 299 டாலருக்கு. பைலட் உங்கள் கையெழுத்தைப் படிக்க முயலவே இல்லை. கிராஃபிட்டி என்ற எளிய எழுத்து முறையை நீங்கள்தான் கற்றுக்கொள்ளவேண்டும். (அந்த கிராஃபிட்டி முதலில் நியூட்டனுக்கான துணை மென்பொருளாக விற்கப்பட்டது!) பைலட் சட்டைப் பைக்குள் போகும், எடை சுமார் 160 கிராம். மெசேஜ்பேட் 400 கிராமுக்கு மேல், பைக்குள் போகாது. கணினியோடு தகவலைப் பரிமாறும் தாங்கி பைலட்டின் பெட்டியிலேயே இருந்தது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நியூட்டனுக்கு அதற்கான கம்பியையும் மென்பொருளையும் தனியாக வாங்கவேண்டும். இப்போது காரணப் பட்டியலில் கையெழுத்து நான்காவது இடத்துக்கு இறங்கிவிடுகிறது. முதல் மூன்று: அளவு, விலை, கணினியோடு பேசுவது.

இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் பிழை, திருத்திய பதிப்பு வந்த தேதியைப் பார்க்காமல் விடுவது. திருத்தம் வருவதற்கு மூன்று ஆண்டு ஆகியிருந்தால் கெட்ட பெயர் அதற்குள் கெட்டியாகிவிட்டிருக்கும். அப்போது சோதனை முடிவைப் பாதி எடையில் எடுத்துக்கொள்ளுங்கள். நியூட்டனுக்கு அது பொருந்தும். ஒன்றரை ஆண்டுக்குள் திருத்திய ஆப்பிள் த்ரீக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஏர்பவர் போன்ற கருவிக்கு இந்தச் சோதனையே ஓடாது: 2017 செப்டம்பரில் மேடையில் காட்டிய அந்தக் கம்பியில்லா மின்னேற்றப் பலகை, கடைக்கு வராமலே 2019 மார்ச்சில் கைவிடப்பட்டது. அங்கே விற்பனையை விட்டுவிட்டு, செய்து முடிக்கும் முன் ஏன் அறிவித்தார்கள் என்று கேளுங்கள்.

படி 4: தோற்ற நாட்களில் யார் சோறு போட்டது?

வெற்றிக்கதைகள் இதை எழுதுவதில்லை. "தோற்றார்கள், கலங்கவில்லை, மறுபடி முயன்றார்கள்" என்று ஓடிவிடும். மறுபடி முயலப் பணம் எங்கிருந்து வந்தது?

ஆப்பிளுக்கு விடை ஒரே பெயர்: ஆப்பிள் டூ. 1977இல் 1,298 டாலருக்கு வந்த கணினி. 1979இல் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தபின் கணக்கர்களும் வாங்கத் தொடங்கினார்கள். ஆப்பிள் த்ரீ தடுமாறிய நாட்களில் விற்றது டூ. லிசா தேங்கியபோதும் டூ. 1984 ஜனவரியில் வந்த மேக்கின்டாஷ் 128 கேபி நினைவகத்தோடு மூச்சுத் திணறி 1985இல் விற்பனை தளர்ந்தபோதும், வருமானத்தின் பெரும்பகுதி டூ வரிசையிலிருந்தே வந்தது. கடைசி மாதிரியின் உற்பத்தி நின்றது 1993 நவம்பரில். பதினாறு ஆண்டு. நிறுவனத்துக்குள் அதற்கு மரியாதை என்னவோ குறைவுதான். மேடையெல்லாம் மேக்குக்கு.

செய்யவேண்டியது: கருவி விற்பனையில் இருந்த ஆண்டுகளை ஒரு கோடாகப் போடுங்கள். அதன் கீழே, அதே ஆண்டுகளில் லாபம் தந்த பொருட்களுக்கு ஒவ்வொன்றாகக் கோடு போடுங்கள். ஆண்டறிக்கைகளிலிருந்து இதை எடுக்கலாம். கீழே ஒரு நீளமான கோடாவது இருந்தால் அந்தத் தோல்வி தாங்கக்கூடியது. ஒன்றுமே இல்லையென்றால் அங்கே படிப்பினை பேச நேரமில்லை. 1997 நிதியாண்டில் ஆப்பிள் சுமார் நூறு கோடி டாலர் நட்டம் காட்டியபோது கீழ்க்கோடு மறைந்துபோயிருந்தது. அந்த ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்தது. அடுத்த பிப்ரவரியில் நியூட்டனை மூடினார்கள். அப்போது நியூட்டன் முன்பு எப்போதையும்விட நல்ல கருவியாக இருந்தது என்பது வேறு கதை. நல்ல கருவி என்பதற்காக மட்டும் ஒன்றை வைத்துக்கொள்ள வசதி வேண்டும்.

சொந்தமாகத் தொடங்குகிறவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்கும் போட்டுப் பார்க்கவேண்டும். கையில் ஆப்பிள் டூ இல்லாதவர் ஆப்பிள் த்ரீயைப் போல ஒரு தடவை தோற்கலாம். லிசாவுக்கு மிச்சம் இருக்காது.

படி 5: மிச்சம் என்ன என்று கணக்கெடுங்கள்

ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் போடுங்கள்: ஆட்கள், நிரல், உதிரிபாகம், ஒப்பந்தம், பங்கு அல்லது காப்புரிமை. கருவி செத்தபிறகு எது எங்கே போனது என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். போன இடம் தெரிந்தால் மட்டும். "அனுபவம்" என்று எழுதாதீர்கள். அதை எந்தக் கருவிக்கும் எழுதலாம்.

லிசாவின் தாள் நிரம்பி வழியும். பில் அட்கின்சன் லிசாவுக்காக எழுதிய வரைகலை நிரல், குவிக்டிரா என்ற பெயரில் மேக்கின்டாஷின் உயிராக ஆனது. மேக்கின் தொடக்ககால மென்பொருளை எழுதியதே லிசாவின் முன்னால் உட்கார்ந்துதான். உதிரிபாகக் கட்டத்தில் ஒரு விசித்திரம் இருக்கும். ட்விகி என்று ஆப்பிள் தானே செய்த ஃபிளாப்பி டிரைவை லிசாவில் இரண்டு பொருத்தினார்கள். ஒரு தட்டில் 871 கேபி, அந்தக் காலத்துக்குப் பெரிய கொள்ளளவு. ஆனால் நம்ப முடியாத டிரைவ். மேக்கிலும் அதைத்தான் வைப்பதாக இருந்தார்கள். லிசாவில் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, கடைசி நேரத்தில் சோனியின் மூன்றரை அங்குல டிரைவுக்கு மாறினார்கள். லிசா முதலில் அடிபட்டதால் மேக் அந்த அடியிலிருந்து தப்பியது. விலை 2,495 டாலர், லிசாவில் கால் பங்கு.

ஆப்பிள் த்ரீயின் தாளிலும் இரண்டு வரி உண்டு. அதற்காகச் செய்த புரோஃபைல் ஹார்டு டிஸ்க் லிசாவுக்குப் போனது. அதன் இயக்க மென்பொருளின் கோப்பு அமைப்பு, 1983இல் புரோடாஸ் என்ற பெயரில் ஆப்பிள் டூவுக்கே திரும்பி வந்தது.

நியூட்டனின் தாளில் பங்கு என்ற கட்டத்தைப் பாருங்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் வேண்டும் என்பதற்காக, 1990 நவம்பரில் பிரிட்டனின் ஏகார்ன், அமெரிக்காவின் விஎல்எஸ்ஐ நிறுவனங்களோடு சேர்ந்து ஆப்பிள் ஏஆர்எம் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. ஆப்பிள் போட்டது சுமார் 30 லட்சம் டாலர். 1998இல் ஏஆர்எம் பங்குச் சந்தைக்கு வந்தபின் ஆப்பிள் தன் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றது. வந்த தொகை பல கோடி டாலர், அதுவும் காசு தேவைப்பட்ட ஆண்டுகளில். 2001இன் ஐபாடிலும் 2007இன் ஐபோனிலும் உள்ளே ஓடியது ஏஆர்எம் வகை சிப்தான். கையெழுத்தைப் படித்த நிரலும் வீணாகவில்லை, 2002இல் மேக் இயக்க மென்பொருளுக்குள் இங்க்வெல் என்ற பெயரில் வந்தது.

எல்லாத் தாளும் இப்படி நிரம்பும் என்று நினைத்துவிடாதீர்கள். 1996இல் பந்தாய் நிறுவனத்தோடு சேர்ந்து பிப்பின் என்று ஒரு விளையாட்டுப் பெட்டியை விற்றார்கள். 599 டாலர். அந்த ஆண்டு பிளேஸ்டேஷன் 199 டாலருக்குக் கிடைத்தது. மொத்தம் சுமார் 42,000 விற்று அடுத்த ஆண்டே மறைந்தது. ஐந்து கட்டத்திலும் எழுத ஒன்றுமில்லை. தோல்வி வெற்றிக்குப் படிக்கட்டு என்பவர்களிடம் பிப்பினின் தாளைக் காட்டுங்கள்.

தோற்றவர் வெளியே போயும் மிச்சம் சேரலாம். ஜாப்ஸ் 1985இல் ஆப்பிளை விட்டுப் போய் நெக்ஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1988இல் 6,500 டாலருக்கு ஒரு கருப்புக் கனசதுரக் கணினி. மொத்தமே சுமார் 50,000 கணினிகள்தான் விற்றன. 1993இல் கணினி செய்வதையே நிறுத்திவிட்டு மென்பொருளை மட்டும் விற்றார்கள். அதே காலத்தில் ஆப்பிள் கோப்லாண்ட் என்ற புதிய இயக்க மென்பொருளை எழுதி முடிக்க முடியாமல் 1996இல் கைவிட்டது. அந்த டிசம்பரில் நெக்ஸ்டை சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு நிறுவனத்தின் தோற்ற கணினியில் இருந்த மென்பொருள், இன்னொரு நிறுவனத்தின் தோற்ற மென்பொருள் விட்ட ஓட்டையை அடைத்தது. 2001இன் மேக் ஓஎஸ் எக்ஸ் அதன் மேல் கட்டியது, ஐபோனின் மென்பொருள் மேக் ஓஎஸ் எக்ஸின் மேல் கட்டியது.

கவனிக்கவேண்டியது: மிச்சம் தானாக நடந்து வருவதில்லை. யாரோ ஒருவர் சரக்கறையைத் திறந்து எடுத்திருப்பார். அவர் பழைய குழுவைச் சேர்ந்தவரா, வெளியாளா என்று ஆட்கள் கட்டத்தில் குறியுங்கள். நிரல் மட்டும் இருந்து அதை எழுதியவர் ஒருவர்கூட இல்லையென்றால் அது பெரும்பாலும் தூசி படிந்தே கிடக்கும்.

படி 6: அதே தவறு மறுபடி வந்ததா?

நிறுவனம் கற்றுக்கொண்டதா என்று அதன் தலைவர்களின் பேச்சில் தேடாதீர்கள். அடுத்தடுத்த கருவிகளில் தேடுங்கள். ஆப்பிளில் ஒரு நூல் இழுத்தால் நாற்பது ஆண்டு வரும்: சத்தமில்லாத பெட்டி.

1980: ஃபேன் இல்லாத ஆப்பிள் த்ரீ. 2000: ஃபேன் இல்லாத ஜி4 கியூப். இந்த முறை சூடான காற்று நடுவே மேலெழுந்து உச்சித் துளை வழியாகப் போகும்படி செய்தார்கள். மேலே காகிதத்தை வைக்காதவரை வேலை செய்தது, ஆனால் விலையில் வீழ்ந்தது. 2013: உருளை வடிவ மேக் ப்ரோ, 2,999 டாலர், நடுவில் ஒரே ஃபேன், மூன்று பக்கமும் வெப்பத்தைச் சமமாகப் பகிரும் முக்கோண அமைப்பு. அதைவிடச் சூடான ஒற்றை வரைகலை சிப்புகள் சந்தைக்கு வந்தபோது உள்ளே வைக்க இடமில்லை. வெப்ப விஷயத்தில் தங்களைத் தாங்களே ஒரு மூலைக்குள் அடைத்துக்கொண்டதாக 2017 ஏப்ரலில் ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார். 2019இல் பழையபடி கோபுரப் பெட்டியும் விரிவாக்க இடங்களும் திரும்பி வந்தன.

மூன்றும் ஒரே தவறா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆம். உள்ளே பார்த்தால் முதலாவது உற்பத்திக் கோளாறு, இரண்டாவது விலை, மூன்றாவது வளர இடம் வைக்காதது. ஆசை ஒன்றாக இருக்கலாம், காரணம் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. 2005இல் 499 டாலருக்கு வந்த மேக் மினி கியூபின் ஆசையையே எடுத்துக்கொண்டது. சின்ன ஃபேனை உள்ளே வைத்தது, விலையைக் கீழே கொண்டுவந்தது, விற்றது.

படி 7: வாங்கியவர்கள் கதி

இது சிறிய படி, ஆனால் விடக்கூடாதது. தோற்ற கருவியைக் காசு கொடுத்து வாங்கியவரே அடுத்த கருவிக்கும் முதல் வாடிக்கையாளர். ட்விகி டிரைவோடு லிசா வாங்கியவர்களுக்கு 1984இல் சோனி டிரைவுக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். அதனால்தான் பழைய வடிவ லிசா இன்று அரிதாகக் கிடைக்கிறது. விற்காமல் மீந்த சுமார் 2,700 லிசாக்களை 1989இல் யூட்டா மாநிலம் லோகன் நகரக் குப்பைமேட்டில் புதைத்தார்கள். வரிக் கணக்கில் அது லாபம்.

2008 ஜூலையில் மொபைல்மி என்ற இணையச் சேவை ஆண்டுக்கு 99 டாலருக்கு வந்து, முதல் வாரங்களிலேயே பலருக்கு மின்னஞ்சல் கிடைக்காமல் தடுமாறியது. சந்தாதாரர்களுக்கு முதலில் 30 நாளும் பிறகு 60 நாளும் இலவசமாக நீட்டித்தார்கள். புதிய ஐபோன், ஆப் ஸ்டோர், மொபைல்மி எல்லாவற்றையும் ஒரே நாட்களில் இறக்கியது தவறு, ஒவ்வொரு துண்டாக விட்டிருக்கவேண்டும் என்று ஜாப்ஸ் ஊழியர்களுக்கு எழுதினார். 2011இல் ஐகிளவுட் வந்தபோது அடிப்படைச் சேவையும் 5 ஜிபி இடமும் இலவசம். ஒரு தோல்விக்கு நிறுவனமே சொன்ன காரணம் இவ்வளவு நேராகக் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைப்பது

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்குள் சுருக்குங்கள். முதல் பக்கத்தில் ஐந்து விவரம், அலமாரி விலை, சொல்லப்பட்ட காரணம், திருத்தச் சோதனையின் முடிவு. இரண்டாம் பக்கத்தில் சோறு போட்ட பொருளின் கோடு, மிச்சக் கணக்கின் ஐந்து கட்டம், திரும்பி வந்த தவறு, வாங்கியவர் கதி. "புரட்சி", "தொலைநோக்கு", "காலத்துக்கு முந்தியது" ஆகிய மூன்று சொற்களையும் இரண்டு பக்கத்திலும் எழுதாமல் முடிக்கப் பாருங்கள். எழுத நேர்ந்தால் அந்த இடத்தில் ஓர் எண்ணோ தேதியோ காணாமல் போயிருக்கிறது.

முதல் பயிற்சிக்கு ரோக்கரை எடுங்கள். தகவல் குறைவு, ஒரு நாளில் முடியும். அதன் மிச்சக் கணக்கில் ஒப்பந்தம் என்ற கட்டத்தை மட்டும் பொறுமையாக நிரப்புங்கள்: அந்தக் கைபேசியை விற்ற சிங்குலர் நிறுவனம்தான் 2007இல் ஐபோனையும் விற்றது, அதற்குள் ஏடி அண்ட் டி என்று பெயர் மாறியிருந்தது. இரண்டாவதாகக் கியூப். மூன்றாவதாக நியூட்டன், அதற்கு மட்டும் பத்து மணி நேரம் போதாது. இந்த மூன்றையும் முடித்தபின் உங்கள் நிறுவனத்திலேயே சத்தமில்லாமல் நிறுத்தப்பட்ட ஏதாவது ஒன்றை எடுங்கள். அதைச் செய்தவர்கள் இன்னும் பக்கத்து மேசையில் இருப்பார்கள். அவர்களிடம் ஏன் தோற்றது என்று தொடங்காமல், திருத்திய பிறகு விற்றதா என்று தொடங்குங்கள். பேச்சு நீளும்.